கட்டமா, டப்பாவா, நேர்ல பாத்து கிறுக்கறதா? புதுசா வரையறவங்களுக்கு எது ஒத்துவரும்

புதுசா படம் வரைய ஆரம்பிக்கறவங்க மொதல்ல கேக்கறது எந்த பென்சில் வாங்கறதுங்கறதத்தான். அது பெரிய விஷயமே இல்லீங்க, பொறவு ரெண்டு வரில சொல்லிடறேன். நெசமா யோசிக்க வேண்டியது எந்த வழில போறதுங்கறது. மூணு கோஷ்டி இருக்குது, ஒண்ணுக்கொண்ணு ஆகாது. ஒரு கோஷ்டி போட்டோ மேல கட்டம் போட்டு அப்படியே பேப்பருக்கு எறக்குங்கும். இன்னொண்ணு எதப் பாத்தாலும் டப்பா, உருண்டை, உருளைன்னு உடைச்சு கட்டுங்கும். மூணாவது ஆளுங்க நோட்ட தூக்கிட்டு வெளிய போ, எதுத்தாப்புல இருக்கறத பாத்து கிறுக்கு, கோணலா வந்தா வரட்டும்பாங்க. நான் மூணாவது பக்கம் சாயற ஆளு, மொதல்லயே சொல்லிப்போடறேன், அதுக்கு தகுந்த மாதிரி சித்த தள்ளுபடி பண்ணியே படிச்சுக்கோங்க.

பொதுவா பேசினா ஒண்ணும் வெளங்காது, அதனால ஒரே பொருள வெச்சு மூணையும் பாத்துக்கலாம். பித்தளைச் சொம்பு. நம்ம பக்கம் அம்மிச்சி வூட்டு அட்டாலில தேடினா ஒண்ணு ரெண்டாவது கெடைக்கும், இல்லீனா டீ டம்ளர் கூட போதும். சொம்பு ஏன்னா பாக்கறதுக்கு நெம்ப சுளுவா இருக்கும், வரைய உக்காந்தாதான் தெரியும், வாய் ஒரு நீள்வட்டம், கழுத்து உள்ள வாங்கி, வயிறு வெளிய தள்ளி, அடில மறுபடி சுருங்கி, போதாக்கொறைக்கு பளபளப்பு வேற.

மொதல்ல கட்டம். சொம்ப போன்ல ஒரு போட்டோ எடுத்து, அது மேல கட்டம் போடறதுக்கு ஆப் நெறைய இருக்குது, போட்டுக்கிட்டு, பேப்பர்லயும் அதே எண்ணிக்கைல ஸ்கேல் வெச்சு லேசா கட்டம் இழுத்துக்கிட்டு, இந்தக் கட்டத்துல கோடு எங்க நுழையுது எங்க வெளிய போகுதுன்னு பாத்து ஒவ்வொண்ணா நெரப்பிட்டே வரவேண்டியது. மொத நாளே சொம்பு சொம்பாவே வந்துரும். ஃபேமிலி குரூப்ல போட்டா பெரியம்மால இருந்து ஒரம்பரை பூரா கைதட்டற எமோஜி போடுவாங்க. இந்த சந்தோஷத்த கொறைச்சு பேசக்கூடாதுங்க. நெறைய பேரு மூணாவது நாலாவது படத்துலயே விட்டுப்போடறது ஒண்ணும் ஒழுங்கா வரலீங்கற கடுப்புலதான், கட்டம் அந்த கடுப்ப வர விடாது.

கட்டம் போடறது ஏமாத்து வேலைன்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, அது சும்மா வறட்டு கௌரவம். ஃப்ளெக்ஸ் வர்றதுக்கு முந்தி தியேட்டர் பேனரு, கட்சி கட்அவுட்டு எல்லாம் கையளவு ஸ்டில்லுல கட்டம் போட்டு பனை உசரத்துக்கு பெருசாக்கினதுதான். ஐரோப்பால டியூரர்ங்கற ஆர்ட்டிஸ்ட் 16ஆம் நூற்றாண்டுலயே ஒரு சட்டத்துல கட்டம் கட்டமா நூல் இழுத்து, அதுக்கு அக்கட்ட இருக்கற ஆள பாத்து வரையற மாதிரி படமே போட்டு வெச்சிருக்காரு. அவ்வளவு தூரம் எதுக்கு, சிறுமுகை பக்கம் ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடறவங்களுக்கு கிராஃப் பேப்பர்தான் பொழப்பே, ஒரு கட்டம்னா பாவு நூலும் ஊடை நூலும் ஒருவாட்டி குறுக்க போற எடம், சேலை முந்தில இருக்கற மயிலோட கழுத்து வளைவு கூட படிப்படியா கட்டத்துல ஏறித்தான் வளையோணும்.

ஆனா அவங்களுக்கெல்லாம் கட்டம் ஒரு தொழில் கருவி. புதுசா வர்றவங்க அதுலயே ஆரம்பிச்சா கண்ணு சொம்ப பாக்கறதே இல்ல, கட்டத்துக்குள்ள இருக்கற துண்டுக் கோட்டத்தான் பாக்குது. அது ஒரு வகைல நல்லதுதான், சொம்புங்கற நெனப்ப அக்கட்டால தூக்கி வெச்சுட்டு வெறும் வடிவத்த பாக்க கண்ணு பழகும், போட்டோவ தலைகீழா வெச்சு வரையச் சொல்றாங்களே, அதுவும் இதே தந்திரந்தான். செரி, கட்டத்த எடுத்துட்டா? அதே சொம்ப சித்த திருப்பி வெச்சா? ஒரு வருசமா கட்டம் போட்டே அழகழகா வரையறவங்க, ஒரு காகிதத்த குடுத்து எதுக்க இருக்கற நாற்காலிய வரைங்கன்னா கை அப்படியே நின்னுரும். பாவம், அவங்க கைல ஒரு கொறையும் இல்ல, கண்ணுக்குத்தான் வேலை குடுக்கலை.

இன்னொண்ணு போட்டோ சமாச்சாரம். போன்ல கிட்டக்க போய் எடுத்தா பக்கத்துல இருக்கறது பெருசாவும் தள்ளி இருக்கறது சின்னதாவும் இழுத்துக் காட்டும், செல்ஃபில மூக்கு முன்னாடி நிக்கறது அதனாலதான். சொம்ப மேல இருந்து கிட்டத்துல எடுத்தீங்கன்னா வாய் அகலமா அடி சூம்பிப்போய் இருக்கும், கட்டம் போட்டவரு அத பக்தியோட அப்படியே காப்பி அடிப்பாரு. நிழல் பக்கம் பூரா ஒரே கருப்பா அப்பிக்கும், நேர்ல பாத்தா அந்த நிழலுக்குள்ளயும் தரைல பட்டு எகிறி வர்ற வெளிச்சம் ஒரு ஓரமா இருக்கும், போட்டோல பெரும்பாலும் அது செத்துப்போகும்.

இருந்தாலும் ஒரு கூட்டத்துக்கு கட்டம்தான் சரி, அத மறைக்க மாட்டேன். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு பென்சில் போர்ட்ரெய்ட் ஃப்ரேம் போட்டு குடுக்கறது இப்ப நல்லா ஓடுது, அந்த மாதிரி ஆர்டர் எடுத்து நாலு காசு பாக்கோணும்னா கட்டம் போடுங்க, கண்ணு ஒரு மில்லிமீட்டர் நகந்தாலும் "எங்க மாமனாட்டவே இல்லீங்களே"ன்னு திருப்பிக் குடுத்துருவாங்க.

அடுத்தது டப்பா கோஷ்டி. இவங்களுக்கு சொம்புன்னா நட்டநடுவுல செங்குத்தா ஒரு கோடு, அந்தக் கோட்டுல வாய்க்கு ஒரு நீள்வட்டம், கழுத்துக்கு ஒண்ணு, வயித்துக்கு பெருசா ஒண்ணு, அடிக்கு ஒண்ணு, பொறவு நாலையும் ரெண்டு பக்கமும் வளைச்சு சேத்தறது. தெரியாத பின்பக்கத்தையும் சேத்தி முழு வட்டமா போடோணும், கண்ணாடிச் சொம்பா இருந்தா எப்படி தெரியுமோ அப்படி. இதுல ஒரு விதி இருக்குது, எந்த வழில வரையறவங்களுக்கும் இது தெரிஞ்சே ஆகோணும்: கண்ணு மட்டத்துக்கு நேரா இருக்கற வட்டம் வெறும் கோடாத்தான் தெரியும், மட்டத்துக்கு கீழ போகப் போக அது வாயத் தொறந்துட்டே வரும். அதனால டேபிள் மேல இருக்கற சொம்புக்கு மேல்வட்டம் ஒடுக்கமாவும் அடிவட்டம் அதவிட உருண்டையாவும் இருக்கோணும். புதுசா வரையறவங்க அநேகமா இதுக்கு நேரெதிரா பண்ணுவாங்க, வாய நல்லா அகட்டி வரைஞ்சிட்டு அடிய ஸ்கேல் வெச்ச மாதிரி நேர்கோடா இழுத்து வெப்பாங்க, ஏன்னா சொம்பு டேபிள்ல சமமா ஒக்காந்திருக்குதுன்னு மண்டைக்கு தெரியும், கண்ணு சொல்றத மண்டை காதுல வாங்காது.

நெட்டுல டிரா-எ-பாக்ஸ்னு (Drawabox) ஒரு இலவச பாடம் இருக்குது, இந்த கோஷ்டிக்கு அதுதான் பள்ளிக்கூடம். பென்சிலே கூடாது, 0.5 ஃபைன்லைனர் பேனாதான், அழிக்கற பேச்சுக்கே எடமில்ல, நடுவுல 250 டப்பா வரையச் சொல்லி ஒரு பயிற்சி வேற. அதே பாடத்துல வரையற நேரத்துல பாதிய சும்மா புடிச்சத வரையறதுக்கு ஒதுக்குன்னும் சொல்லிருக்காங்க, அத மட்டும் யாரும் கேக்கறதில்ல, டப்பா வரைஞ்சு வரைஞ்சு சலிச்சுப்போய் பேனாவ மூடி வெச்சுட்டு, ட்ராயிங்னாலே இவ்வளவுதான் போலன்னு போயிடறாங்க. முகத்துக்கு லூமிஸ் முறைன்னு ஒண்ணு, ஆண்ட்ரூ லூமிஸ்ங்கற அமெரிக்க ஓவியர் பேருல வழங்கறது, ஒரு உருண்டைய எடுத்து ரெண்டு பக்கமும் சீவிவிட்டு கீழ தாடைய மாட்டறது. முகத்த எந்தப் பக்கம் திருப்பினாலும் கணக்கு தப்பாது, அதுதான் அதோட பலம். கட்டம் போடறவங்களுக்கு அந்த திருப்பற வேலை சுத்தமா வராது.

இது ஏதோ சீமைச் சரக்குன்னு நெனைக்க வேண்டாம். அவினாசிகிட்ட திருமுருகன்பூண்டில சிற்பக்கூடங்க இருக்குதுல்ல, அங்க போய் சித்த நேரம் நின்னு பாருங்க. உளி வெக்கறதுக்கு முந்தியே கல்லுல கோடு விழுந்துரும். நடுவுல போறத பிரம்ம சூத்திரம்பாங்க, அதுக்கப்பறம் தாளக்கணக்கு. உத்தம தச தாளம்னா மொத்த உசரத்த 124 பாகமா பிரிச்சு முகத்துக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனைன்னு போகும். யாரையும் எதுக்க நிக்க வெச்சு பாத்து செதுக்கறதில்ல, கணக்குல இருந்துதான் உருவம் எந்திரிச்சு வருது.

கோயமுத்தூர்ல லேத்து, ஃபவுண்டரி, பம்புசெட்டு பட்டறைல இருக்கறவங்க, இன்ஜினியரிங் படிச்ச பசங்க எல்லாம் டப்பா வழிய சட்டுனு புடிச்சுக்குவாங்க, வடிவத்த மனசுக்குள்ள திருப்பிப் பாக்கறது அவங்களுக்கு பழகின வேலை. ஒரே ஒரு எடத்துல மட்டும் மாட்டிக்குவாங்க. காலேஜ்ல படிச்ச ஐசோமெட்ரிக்ல இணைகோடு கடைசி வரைக்கும் இணையாவே போகும், கண்ணுக்கு அப்படி இல்ல, தள்ளிப் போகப் போக ரெண்டும் நெருங்கிட்டே வரும். அந்தக் கையோட வர்றவங்க வரையற டப்பால பின்பக்கம் ஊதிப்போன மாதிரி தெரியறதுக்கு காரணம் அதுதான், கை மேல தப்பில்ல.

டப்பா வழில எனக்கு இருக்கற கொறை ஒண்ணுதான். சொம்பு வடிவம் சரியா வரும், ஆனா எந்த வூட்டுச் சொம்புன்னு தெரியாது. அம்மிச்சி சொம்புல வயித்துகிட்ட ஒரு நசுங்கல் இருக்கும், கெணத்து மேட்டுல விழுந்ததோ என்னமோ, நாலு நீள்வட்டத்துக்குள்ள அந்த நசுங்கலுக்கு எடமில்ல.

நேர்ல பாக்கறவங்களுக்கு அந்த நசுங்கல்தான் மொத வேலை. சொம்ப ஜன்னல் ஓரமா வெச்சு பொழுதோட எறங்கு வெயில்ல பாருங்க. பித்தளைல வெளிச்சம் மெதுவா மங்கறதே இல்லீங்க. ஜன்னல் ஒரு வெள்ளைத் துண்டா வளைஞ்சு வயித்துல ஒட்டிட்டு இருக்கும், அத ஒட்டினாப்பலயே கன்னங்கரேல்னு ஒரு பட்டை, அது பின்னாடி இருக்கற இருட்டுச் செவுரு. வெளிச்சமும் கருப்பும் பக்கத்து பக்கத்துல, நடுவுல எந்த சமாதானமும் கெடையாது. பளபளப்புன்னாலே விரல்ல தேச்சு மெழுகறதுன்னு நெனைச்சுட்டு இருக்கறவங்க இத ஒருவாட்டி பாத்தா போதும், காட்டுக்கு வரப்பு போட்ட மாதிரி ரெண்டையும் வெட்டி நிறுத்தினாத்தான் பித்தளை, தேச்சுட்டா களிமண்ணு. நசுங்கல் இருக்கற எடத்துல அந்த வெள்ளைத் துண்டு சட்டுனு ஒடிஞ்சு தெச மாறும், அந்த ஒடிசல வரைஞ்சுட்டீங்கன்னா நசுங்கல தனியா வரைய வேண்டியதே இல்ல. இதெல்லாம் எந்த கட்டமும் சொல்லாது, எந்த டப்பாவும் சொல்லாது.

கண்ணு மட்டும் போதாது, அளக்கவும் வேணும். கைய முழுசா நீட்டி, முழங்கை மடங்காம, ஒத்தைக் கண்ண மூடிக்கிட்டு, பென்சில் நுனில இருந்து கட்டைவிரல் வரைக்கும் சொம்போட அகலத்த புடிச்சு, அது உசரத்துல எத்தன வாட்டி போகுதுன்னு பாக்கறது. சினிமால ஆர்ட்டிஸ்ட்டுன்னா ஸ்டைலா இதத்தான் பண்ணுவாங்க, நெசமாவே உபயோகமான விஷயம். அப்பறம் பேப்பர பாக்காம பொருளோட விளிம்பு மேலயே கண்ண நகத்தி, அதே வேகத்துல கைய நகத்தற பயிற்சி. படம் பாக்க சிரிப்பா இருக்கும், யாருக்கும் காட்ட வேண்டாம், ஆனா கண்ணும் கையும் ஒண்ணா நடக்க பழகறதுக்கு அத மாதிரி எதுவும் இல்ல.

சொம்பு ஒரே எடத்துல இருக்கும், மாடு இருக்காது. சித்திரைல கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்கோ ஆடில அந்தியூர் குருநாதசாமி கோயில் நோம்பிக்கோ ஒரு சின்ன நோட்டோட போய் பாருங்க. காங்கேயம் கன்னு பொறக்கறப்ப செவலை, ஆறு மாசம் போல ஆனா சாம்பலுக்கு மாறும், பொலிகாளைக்கு திமிலு, முன்பக்கம், பின்தொடை எல்லாம் கருக்கிட்டு வரும். பாத்தா மாடே எங்க ஷேட் போடோணும்னு காட்டிக் குடுக்கற மாதிரி இருக்கும், அங்கதான் புதுசா வரையறவங்க ஏமாறுவாங்க. தோல் நெறம் கருப்பா இருக்கற எடம் வேற, வெயில் படாத எடம் வேற. உச்சி வெயில்ல திமில் மேல்பக்கம் கருந்தோலா இருந்தாலும் மினுமினுன்னு வெளுத்துத் தெரியும், வெள்ளை வயித்துக்கு அடில நிழல் இருண்டு கெடக்கும். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்க தெரிஞ்சா பென்சில் ஷேடிங்ல முக்கியமான வேலை முடிஞ்சுது. மாடு வால அடிக்கும், கால மாத்தும், தலைய ஒதறும், ஆனா சித்த நேரத்துல பழைய நிலைக்கே திரும்பி வரும், அதனால ஒரே பக்கத்துல நாலஞ்சு படத்த பாதி பாதியா ஆரம்பிச்சு வெச்சுக்கிட்டு, மாடு எதுக்கு திரும்பி வருதோ அதுல ரெண்டு கோடு சேத்துட்டே போலாம். அரை நிமிசத்துல முதுகுக் கோடு, திமிலு, கொம்போட வளைவு, இது மூணு கெடைச்சா போதும், எந்த மாடுன்னு சந்தைக்கு வந்தவங்க சொல்லிருவாங்க.

உலகம் பூரா இந்த வழிக்கு இப்ப மவுசு வந்ததுக்கு அர்பன் ஸ்கெட்சர்ஸ் ஒரு காரணம், கேப்ரியல் கம்பனாரியோன்னு சியாட்டில்ல பத்திரிகைல வரைஞ்சுட்டு இருந்தவரு 2007ல ஆரம்பிச்சது. எடத்துல இருந்து நேர்ல பாத்து வரையோணும், அதுதான் அவங்க மொத விதி.

கஷ்டம் இல்லாமயா? நெம்ப நாளைக்கு படம் கேவலமாத்தான் இருக்கும், குரூப்ல போட முடியாது. அப்பறம் நம்ம ஊர்ல ஒருத்தரு ரோட்டோரம் உக்காந்து நோட்டுல எதையோ எழுதினா சும்மா விடுவாங்களா, "என்னங் தம்பி, ரோடு அகலப்படுத்தறாங்களாட்டயா? எங்க கடை போகுதுங்களா?"ன்னு ஒரு பெரியவரு வந்து நிப்பாரு, அவருக்கு பதில் சொல்றதுக்குள்ள நாலு பேரு கூடிருவாங்க, கடைசில "என்னையும் ஒண்ணு போட்டுக் குடுங்"ம்பாரு. கூச்சம் இருக்கறவங்க செவுத்துக்கு முதுக காட்டி உக்காந்துக்கோங்க, பின்னாடி வந்து எட்டிப் பாக்க முடியாது. இல்லீனா பேரூர் பட்டீஸ்வரர் கோயில் கனகசபைக்கு போங்க. யானைத்தோல போத்தின சிவன், அகோர வீரபத்திரரு எல்லாம் தூண் தூணா நிக்கறாங்க, ஆட மாட்டாங்க அசைய மாட்டாங்க, யாரும் ரோட்டப் பத்தி கேக்க மாட்டாங்க. சாமி கும்பிட வர்றவங்களுக்கு வழி விட்டு, கோயில்ல இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு உக்காந்துக்கறது நல்லது. தாளக்கணக்குல செஞ்ச உருவத்த நேர்ல பாத்து வரையறதால டப்பா கோஷ்டியும் நம்ம கோஷ்டியும் சண்டை போடாத ஒரே எடம் அதுதான்.

சட்டுனு பலன் தெரியோணும்னா கட்டத்த யாரும் அடிச்சுக்க முடியாது. மனசுல இருந்து, கதைக்கு, காமிக்ஸுக்கு, இல்லாத ஒண்ண வரையோணும்னா டப்பா இல்லாம முடியவே முடியாது, நேர்ல பாத்தே பழகினவங்க இதுல தெணறுவாங்க, அத ஒத்துக்கத்தான் வேணும். போன் இல்லாம, கரண்ட் இல்லாம, பஸ்ஸு வர்ற வரைக்கும் வரையறதுக்கு மூணாவதுதான். ஸ்கூல் பசங்க அரசு தொழில்நுட்பத் தேர்வுல லோயர், ஹையர் ட்ராயிங் எழுதறாங்களே, அவங்க கட்டத்த நம்பி போக வேண்டாம், ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் ட்ராயிங்னு பேர்லயே பதில் இருக்குது, நீள்வட்டமும் நேர்ல பாக்கற பழக்கமும்தான் அங்க சோறு போடும்.

என்னக் கேட்டா தெனமும் வூட்டுல இருக்கற ஒரு பொருள நேர்ல பாத்து வரையுங்க, எங்க கோணிக்குதோ அங்க மட்டும் டப்பாவ கூப்புட்டுக்கோங்க. சொம்பு சாயுதா, நடுக்கோடு போட்டுப் பாருங்க. படத்த வரைஞ்சு முடிச்ச பொறவு, எங்க அளவு மாறிப்போச்சுன்னு சரிபாக்க மட்டும் கட்டத்த வெச்சுக்கலாம், ஆன்சர் ஷீட்டாட்ட.

பென்சில் சொல்றேன்னேன்ல. எச்பி ஒண்ணு, 2பி ஒண்ணு, 4பி இல்லீனா 6பி ஒண்ணு, அப்சரா, கேம்லின் எதுனாலும் சரி. பென்சில் முள்ளுங்கறது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது, 1795ல கோன்டேங்கற பிரெஞ்சுக்காரரு புடிச்ச பக்குவம், களிமண்ணு கூடினா கெட்டி, கொறைஞ்சா மெத்துனு கருப்பா எழுதும், பி நம்பர் ஏற ஏற கருப்பு, அவ்வளவுதான் விஷயம். பேப்பரு மொதல்ல ஜெராக்ஸ் கடை ஏ4 போதும், அதோட கனம் 75 ஜிஎஸ்எம்தான், அதுல அழிச்சு அழிச்சு எழுதினா நார் எந்திரிக்கும், அப்ப 130க்கு மேல இருக்கற ஸ்கெட்ச்புக் வாங்கிக்கலாம். டேப்லெட் கேக்கறவங்களுக்கு: வாங்குங்க, தப்பில்ல, ஆனா அன்டூ பட்டன் இருக்கற வரைக்கும் ஒரு கோட்ட தீர்மானமா இழுக்க கை பழகாது, அதனால ரெண்டாவது வருசம் பாத்துக்கலாம்.

கிளாஸ் சேரலாமான்னா, தாராளமா சேரலாம், கூட நாலு பேரு வரையறாங்கன்னா அதுவே பாதி தெம்பு. பீஸ் எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முந்தி உள்ள போய் செவுத்த பாருங்க. எல்லாப் பசங்க படமும் ஒரே புலி, ஒரே நடிகர் முகமா, ஒரே அளவுல மாட்டிருந்தா அங்க கட்டம் மட்டும்தான் நடக்குதுன்னு அர்த்தம். நடுவுல ஒரு ஸ்டூலப் போட்டு அது மேல பானையோ செருப்போ வெச்சு, சுத்தி உக்காந்திருக்கற பசங்க ஒவ்வொருத்தரும் வேற வேற பக்கத்துல இருந்து வரைஞ்சுட்டு இருந்தாங்கன்னா, பீஸ் சித்த கூடுதலா இருந்தாலும் கட்டிருங்க.